மணமகன் அறையில் உன் மாமா

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, வயலில் சம்பா, கொட்டகையில் பசு ஆகிய நால்வரும் சுகமாக நனைந்துகொண்டிருக்கிறோம். ஐப்பசி மழை இந்த வருஷம் வாங்கிய சம்பளத்துக்கு மேல் வேலை பார்க்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் பயந்து குளியலை ஒத்திப்போடாமல், நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதற்காக ஐயாறப்பரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பேசும்போது நீ 'ம்ம், சொல்லும்மா' என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் டக்டக்கென்று தட்டுவது எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். சரி, பேசிப் பதிவு பண்ணி அனுப்பலாம் என்றால் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று மாப்பிள்ளையே காட்டிக்கொடுத்துவிட்டார், அந்த வேகத்தில் என் குரல் எலிக்குஞ்சு கத்துவதுபோல் இருக்கிறதாமே. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. என் வேகத்துக்கு நீதான் வர வேண்டும், காப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்.

விஷயம் பரணி மாமாவைப் பற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய அந்தச் சென்னை இல்லத்தின் படங்களை நானும் உன் அப்பாவும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கடற்கரை, புல்தரை, நடுவில் ஒரு குளம், குளத்தில் வாத்து. உன் அப்பா கட்டடத்தையே பார்க்கவில்லை, அந்த வாத்து முட்டையெல்லாம் யாருக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தை பிறந்ததும் மாமாவை அங்கே மாற்றிவிடலாம், செலவு உன்னுடையது, நாங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எழுதியிருந்தாய். தாய்மாமன் தோளில் உட்கார்ந்து சப்தஸ்தானத் திருவிழாவில் பல்லக்குப் பார்த்தவள், உனக்கு இருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இத்தனை தாள். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், நேராகச் சொன்னபோதெல்லாம் நீ கேட்டுக் கிழித்தாயாக்கும்.

கரந்தையில் அவன் முன்பு இருந்த வீடு உனக்கு நினைவிருக்கும். மனசு சரியில்லாமல் போய், ஆஸ்பத்திரி வைத்தியமும் முடிந்து, ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டிய அவசியமும் இல்லாமல், தனியாக இருக்கவும் தெம்பில்லாமல் நடுவில் நிற்கிற ஆண்களுக்காக அந்த டிரஸ்டுக்காரர்கள் வாடகைக்கு எடுத்து நடத்திய ஓட்டு வீடு. அஞ்சு பேருக்கு ஒரே கக்கூஸ், காலையில் அதன் வாசலில் ரேஷன் கடை வரிசை நிற்கும். மழை வந்தால் வீட்டில் உள்ள பாத்திரமெல்லாம் தரைக்கு வந்துவிடும், சமைக்கப் பாத்திரம் இருக்காது. போன தடவை நீ வந்தபோது துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, இது மனுஷன் இருக்கிற இடமா அம்மா என்று என்னைக் கேட்டாய். நானும் ஆமாம் போட்டேன். ஆனால் அங்கே உன் மாமா காலையில் எழுந்து பால் வாங்கி வருவான். டீக்கடையில் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு, நாட்டு நடப்பு சரியில்லை என்று டீக்கடைக்காரரிடம் புகார் கொடுத்துவிட்டு வருவான். வாசல் சாவி அவன் அரைஞாணில் தொங்கும். அதற்கு முன்னால் நம் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தோமே, அப்போது நான் தட்டில் போட்டு அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன், குளிக்க வெந்நீர் விளாவி வைத்தேன், ராஜா மாதிரிதான் வைத்திருந்தேன். அந்த ராஜா பேசுவதையே நிறுத்திவிட்டார். ஆகவே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடு என்கிற யோசனையும் உனக்கு வேண்டாம். அது நாங்கள் பார்த்து முடித்த படம்.

ஆவணியில் அவர்களைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள் என்று போனில் சொன்னேன், படமும் அனுப்பினேன், நீயும் பதிலுக்கு ஒரு முழம் இதயம் அனுப்பினாய். நான் உன்னிடம் சொல்லாத சங்கதி, அது ஒரு கல்யாண மண்டபம் என்பது. ஒரத்தநாடு போகிற சாலையில், புறவழிச்சாலையைத் தாண்டி இருக்கிறது. ஏசி மண்டபங்கள் வந்த பிறகு அதற்குக் கல்யாணம் வருவது நின்று காதுகுத்து வந்ததாம், காதுகுத்தும் நின்று கடைசியில் உர மூட்டை அடுக்கியிருந்தார்களாம். அதன் சொந்தக்காரர் மனசு வந்து டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளையடித்து, வழுக்காத டைல்ஸ் போட்டு, ஆளுக்கொரு கட்டில், தலைக்கு மேல் ஃபேன், எலி கிடையாது, ஒழுகல் கிடையாது. திறப்பு விழாவில் உன் அப்பா அந்த மணமேடையைப் பார்த்துக் கண் கலங்கினார், நம்ம கல்யாணத்துக்கு இப்படி ஒரு மண்டபம் அமையலையே மங்களம் என்றார். எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது, எனக்கு அமைந்ததை நினைத்து.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். கரந்தையிலிருந்தே இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற மெஹராஜ் பேகத்தை உனக்குத் தெரியும், அதிராம்பட்டினத்துப் பெண், மாவு மில் வைத்திருந்த வீட்டில் பிறந்ததால் மில் ஓடினாலும் கேட்கிற குரல். மூணு மூணு பேராகத் தங்க வைக்கலாம் என்று அது சொன்னது. நான்தான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், என் தம்பிக்குக் குளியலறையோடு தனி அறை வேண்டும் என்று. கரந்தையில் அந்த வரிசையில் நின்று நின்று அவன் கால் வீங்கியது போதாதா என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அந்தக் கட்டடத்தில் குளியலறையோடு இருக்கிற ஒரே தனி அறை எது தெரியுமா. மேடைக்குப் பக்கத்தில், கதவுக்கு மேலே கருப்புக் கல்லில் பொன்னெழுத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் குத்துவிளக்குப் போட்டு, 'மணமகன் அறை'. பெயிண்ட் அடித்தாலும் எழுத்து முழித்துக்கொண்டு தெரிந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன், உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், நாற்பத்தைந்து வயதில் தம்பிக்கு யோகம் வந்திருக்கிறது என்றேன். அவனையும் அதன் கீழே நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். உன் இதயமெல்லாம் அந்தப் படத்துக்குத்தான் வந்தது.

கொஞ்ச நாளில் பேகத்திடமிருந்து போன் வர ஆரம்பித்தது. உன் மாமா பொழுது விடியும் முன்பே எழுந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கட்டில் நுனியில் உட்கார்ந்துகொள்கிறானாம். யாராவது வந்து கூப்பிட்டால்தான் சாப்பிடப் போகிறானாம், கூப்பிடாவிட்டால் பட்டினியாம். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராக அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கேட்டில் வந்து நின்று, வண்டி வந்தாச்சா என்று காவலாளியைக் கேட்கிறானாம். தினமும். கேட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம், ஒரு நாள் சத்தமும் போட்டிருக்கிறான். டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது முகம் உப்பி, கை நடுங்கி, தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் மார்பில் விழுந்தது. உன்னிடம் போனில் மாமா நல்லா இருக்கான் என்று சொன்னேனே, அது அன்றைக்குத்தான். பேகமும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டிரஸ்டில் கேட்கிறாங்க அக்கா, தீபாவளிக்குள்ள அவர் அடங்கி உட்காரலைன்னா திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்றாங்க என்றது. அங்கே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், எழுதிக் காட்ட வேண்டாம்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. மண்டபம் இல்லமாக மாறியது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அடுத்த தெருவில் இன்னொரு மண்டபத்தில் கல்யாணம், வழி தவறிய ஒரு புருஷன் பெண்டாட்டி இங்கே வந்துவிட்டார்கள். இல்லத்துக்காரர்களுக்கு மத்தியானப் பந்தி நடக்கிற நேரம். உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், சமையல்கார வேம்புவும் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று பரிமாறியிருக்கிறாள், இரண்டாம் தடவை ரசம் வேறு. சாப்பிட்டு முடித்து மாப்பிள்ளை எங்கே என்று தேடிக்கொண்டு போனால், பொன்னெழுத்துக்குக் கீழே வெள்ளை வேட்டியில் உன் மாமா உட்கார்ந்திருக்கிறான். தலை கொஞ்சம் நரைத்திருக்கிறதே என்று யோசித்தார்களோ என்னவோ, இந்தக் காலத்தில் எதையும் கேட்கக்கூடாது என்று விட்டுவிட்டார்கள். கை குலுக்கி, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பேகம் இதைச் சொன்னபோது நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் அப்பா ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்றார்.

அந்தச் சிரிப்பு அடுத்த தடவை அவனைப் பார்த்ததும் நின்றுபோனது. புரட்டாசி முதல் வாரம். அங்கே போகும்போதெல்லாம் நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கரந்தைக்கு வீட்டுப் புடவையோடு போனவள், இங்கே வாசலில் கால் வைத்ததும் சந்தனக் கிண்ணம் எங்கே என்று கண் தேடுகிறது. உன் மாமா கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவைச் சாத்தச் சொன்னான். கிட்டே வரச் சொல்லி, மெதுவாக, "அக்கா, பொண்ணு யாரு?" என்று கேட்டான். நான் சிரிக்கப் பார்த்தேன், அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. இல்லடா தம்பி, கல்யாணமெல்லாம் ஒண்ணும் இல்ல, நீ இங்கதான் குடியிருக்க என்றேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான், நோய் எனக்கு வந்துவிட்டது மாதிரி. "குடியிருக்கற வீட்டுல யாராச்சும் பந்தி போடுவாங்களா? வர்றாங்க, சாப்பிடறாங்க, போறாங்க. நானும் சாப்பிட்டாச்சு. என்னை மட்டும் ஏன் விடமாட்டேங்கறாங்க?"

பேகத்திடம் பேச வேண்டும் என்று வெளியே வந்தேன், சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் அக்கா என்று அது என்னைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டது. இங்கிருந்து அந்தக் கோடி வரைக்கும் நீள மேசை, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், பரிமாறுகிறவர்கள் எதிரில் வாளியோடு ஓடுகிறார்கள், யாரும் யாரோடும் பேசவில்லை, பேச எதிரில் முகம் இருந்தால்தானே. சாம்பார், ரசம், மோர். பாயசம் எங்கே என்று வாய் வரைக்கும் வந்த கேள்வியை விழுங்கினேன். எழுந்தேன், வரிசையாக இருந்த குழாயில் கை கழுவினேன், எதிரில் கண்ணாடியில் பொட்டைச் சரி செய்தேன், வாசலைப் பார்த்து நடந்தேன், சாலையைத் தாண்டினேன், பஸ்ஸுக்கு நின்றேன். பஸ்ஸும் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்த பிறகுதான், நான் பேகத்திடம் பேசவும் இல்லை, தம்பியிடம் வருகிறேன் என்று சொல்லவும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கண்டக்டர் ஏறப்போறீங்களா இறங்கப்போறீங்களா என்கிறான். அவனிடம் என்னத்தைச் சொல்ல. பூர்ணிமா, உன் அம்மாவுக்கு மறதி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தம்பியை மறக்கிற மறதி இல்லை. அந்தக் கட்டடம் என்னை நடத்தியே வெளியே அனுப்பிவிட்டது. வந்தவர்களை உட்கார வைத்து, சோறு போட்டு, கை கழுவ வைத்து, வாசல் வரை தள்ளிவிடுவதற்கென்றே பார்த்துப் பார்த்துக் கட்டிய இடம். அதற்கு வேறு வேலை தெரியாது. எந்த மாத்திரையும் சாப்பிடாத எனக்கே இந்தக் கதி, உன் மாமா கேட்டில் நின்றதில் என்ன தப்பு.

திரும்பப் போனேன். பேகத்திடம் சொன்னதும் அதற்குக் கோபம் வந்துவிட்டது, நியாயம்தான். கரந்தையில் எலி கடித்த அரிசியைப் புடைத்துப் புடைத்து அதன் கை தேய்ந்திருக்கிறது. இந்த மாதிரி இடம் கிடைக்க எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் தெரியுமா, இப்போ கட்டடத்துக்கே நோய்னு சொல்றீங்களே அக்கா என்று அழாத குறையாகக் கேட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போது அப்துல் மஜீது பாய் வந்தார். கூத்தாநல்லூர்க்காரர், குவைத்தில் லாரி ஓட்டியவர், கரந்தை வீட்டில் மாமாவுக்குப் பக்கத்துப் படுக்கை அவருடையது. பேகத்துக்கு சலாம் சொல்லி, சாப்பாடு ரொம்பப் பிரமாதம், அல்லா நல்லா வைப்பான், நான் வர்றேம்மா என்று விடைபெற்றுக்கொண்டு மாடியில் தன் கட்டிலுக்குப் போனார். பேகம் என் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் இவர் இப்படித்தான் சொல்லிட்டுப் போறாரு அக்கா, மரியாதைன்னு நெனச்சேன் என்றது.

உன் அப்பாவிடம் யோசனை கேட்டேன், ஒரு டீவி வாங்கி மாட்டிவிடலாம் என்றார். அதை விடு. மூணு பேரையாவது தனிச் சமையலோடு ஒரு வீடு மாதிரி வைக்கலாம் என்று நானும் பேகமும் டிரஸ்டுக்காரர்களிடம் போய்ப் பேசினோம், பேகம் பேசியது, நான் பட்டுப் புடவையில் பக்கத்தில் நின்றேன். அடுப்பு மட்டும் கூடாது, நெருப்பு ஆபத்து என்றார்கள். கரந்தையில் இவர்கள் இத்தனை வருஷம் பால் காய்ச்சினார்களே, எது எரிந்தது என்று பேகம் கேட்டதும், சரி கரண்ட் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார்கள். மணமகள் அறை பெரியது, குளியலறையோடு மூணு கட்டில் போட இடம் உண்டு, அதை ஒட்டி மேக்கப் போடுவதற்கென்று ஒரு சின்ன அறையும் உண்டு, குழாய், சாமான் வைக்கிற மேடை எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதைச் சமையல் கட்டாக்கி, மாமாவையும் மஜீது பாயையும் சீர்காழியிலிருந்து வந்த ஒரு வாத்தியாரையும் மணமகள் அறைக்கு மாற்றினோம். என் தம்பிக்கு நான் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்த தனிக் குளியலறை போயிற்று, மூன்று பேருக்கு ஒன்று. ஒரு சதுர மேசை, நாலு நாற்காலி, எதிரெதிரே முகம் பார்த்துச் சாப்பிடட்டும் என்று. மத்தியானச் சோறு வேம்பு சமைப்பது, ஆனால் பரிமாற மாட்டாள், இவர்களே தூக்கில் வாங்கி வந்து போட்டுக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் இவர்கள் பாடு. மணமகள் அறை என்கிற கல்லின் மேல் பலகை அடித்து மூன்று பேர் பெயரையும் எழுதலாம் என்று பேகம் சொன்னபோது உன் மாமா குறுக்கே வந்தான். பேரு வேண்டாம், கதவு நம்பர் போடுங்க, பேர் போட்டா தபால்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்றான். அவனுக்கு வருகிற தபால் என்ன என்று நான் கேட்கவில்லை. இப்போது அது 2-ஆம் நம்பர் வீடு. 1-ஆம் நம்பர் எது என்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ நம்பவும் கூடாது. பால் வாங்க அவர்களை வெளியே விடலாம் என்று பேகம் துணிந்த முதல் நாளே, உன் மாமாவும் மஜீது பாயும் போனவர்கள் போனவர்கள்தான். புறவழிச்சாலை, லாரி ஓடுகிற இடம். பேகம் எனக்குப் போன் செய்கிறது, நான் உன் அப்பாவை வயலிலிருந்து கூப்பிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன், பாதி வழியில் உனக்குச் சொல்லவா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன், உன் அப்பா என்னைத் திட்டிக்கொண்டே வேகமாக ஓட்டினார், அவர் வேகம் உனக்குத் தெரியும், மாட்டு வண்டி எங்களை முந்தியது. போய்ச் சேர்ந்தால் இரண்டு பேரும் வீட்டில் இருக்கிறார்கள், சண்டை நடந்துகொண்டிருக்கிறது. பால் வாங்கப் போன இடத்தில் வாய்க்கால் மதகில் ஒருவன் கெண்டை மீன் விற்றிருக்கிறான், மஜீது பாய் பேரம் பேசுகிறேன் என்று உட்கார்ந்து, குவைத்து மீனிலிருந்து ஆரம்பித்துவிட்டார். மீன் வந்துவிட்டது, பால் வரவில்லை. புரட்டாசி சனிக்கிழமையில என் சட்டியில மீனா என்று உன் மாமா குதிக்கிறான். உன் சட்டியா, அது என் சட்டி, நேத்து தேய்ச்சது யாரு என்று பாய் கேட்கிறார். வாத்தியார் இரண்டு பேரையும் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்கிறார். நான் உள்ளே போய் விலக்கப் பார்த்தேன், பேகம் என் கையைப் பிடித்து நிறுத்தியது. "விடுங்க அக்கா. இங்க வந்ததிலேர்ந்து இவங்க இப்பத்தான் சண்டை போடறாங்க."

கல்யாண வீட்டில் சண்டை கிடையாதா என்று நீ கேட்பாய், உன் கல்யாணத்தில் உன் சித்தப்பா அப்பளத்துக்காக எழுந்து போனதை வைத்து. அது வேறு, பூர்ணிமா. அப்பளத்துக்குச் சண்டை போடுகிறவன் மறுநாள் இருக்கப்போவதில்லை. சட்டிக்குச் சண்டை போடுகிறவன் நாளைக்கும் அதில் சமைக்கப்போகிறவன்.

அதற்கப்புறம் உன் மாமா கேட்டுக்குப் பையோடு வருவது குறைந்தது, பிறகு நின்றது. தீபாவளிக்கு முன்னால் டாக்டர் வந்து பார்த்து மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டார், கை நடுக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. விடியலில் எழுந்து உட்காருகிற நாளும் உண்டு, அப்போது வாத்தியாரும் எழுந்து அவனோடு சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். டிரஸ்டிலிருந்து ஆஸ்பத்திரிப் பேச்சு நின்றுவிட்டது, பேகம் மற்றவர்களுக்கும் இப்படி மூணு மூணு பேராகப் பிரிக்க அளந்துகொண்டிருக்கிறது, மேடையை என்ன செய்வது என்று மட்டும் யாருக்கும் புரியவில்லை, செருப்புக் காலோடு அதன் மேல் ஏற ஒருத்தருக்கும் மனசு வரவில்லையாம், எனக்கும் வராது.

இப்போது புரிகிறதா, உன் வாத்துக் குளத்துக்கு நான் ஏன் சரி சொல்லவில்லை என்று. அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். உன் மாமா புல்தரையைப் பார்ப்பான், வாத்தைப் பார்ப்பான், எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வண்டி வந்தாச்சா என்று கேட்பான். சுற்றுலா போன இடத்தில் வேறு என்ன கேட்க முடியும். உனக்குச் செலவு செய்யத்தான் வேண்டும் என்றால், அந்த மூன்று பேருக்கும் ஒரு நல்ல மிக்ஸி வாங்கிக் கொடு. இப்போது இருப்பதைப் போட்டால் வாத்தியார் காதைப் பொத்திக்கொள்கிறார்.

போன வியாழக்கிழமை மழை கொஞ்சம் விட்ட நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் போனேன், பருத்திப் புடவையில். கதவைத் தட்டினேன். உன் மாமா பாதிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா அக்கா, வீடு கிடக்கிற கிடையைப் பாரு என்று முணுமுணுத்தான். உள்ளே கொடியில் ஈர வேட்டி, மேசையில் பாதி உரித்த பூண்டு. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ போட்டுக் கொடுத்தான், சர்க்கரை அள்ளிக் கொட்டிய டீ, கை நடுக்கத்தில் பாதி டபராவில். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவப் போனேன், வை அங்க, வந்தவங்க கழுவக்கூடாது என்று பிடுங்கிக்கொண்டான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன், பூண்டு நெடி கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன். பிறகு உன்னைப் பற்றிக் கேட்டான். மார்கழியில் வருகிறாள் என்றேன். மாப்பிள்ளை மீன் சாப்பிடுவாரா என்றான், சாப்பிடுவார் என்றேன், அப்போ ஒரு நாள் இங்க சாப்பாடு, சனிக்கிழமை வேண்டாம்னு சொல்லிடு என்றான். மறுபடி பூண்டை உரித்துக்கொண்டே, அவ வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுவியா என்றான். இத்தனை வருஷத்தில் அவன் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, சட்டை வேண்டுமா, போன் வேண்டுமா என்று நீ கேட்டபோதெல்லாம் எதுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறான்.

மற்ற சங்கதிகள்: பசு சினையாக இருக்கிறது, தையில் ஈனும். உன் அப்பாவுக்கு முட்டி வலி, டாக்டர் நடக்கச் சொன்னார், டீக்கடை வரை நடக்கிறார், அங்கே வடை சாப்பிடுகிறார். நீ இரவில் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தூங்கு, கண்ணுக்குக் கீழே கருவளையம் போனிலேயே தெரிகிறது. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல், காட்டிக்கொடுத்ததற்கு நன்றியும் சொல். ஐயாறப்பர் அருளால் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், சேர்ந்து சிரித்துக்கொண்டு, நிறைவாக வாழ அப்பாவும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

மாமாவுக்கு மறக்காமல் வாங்கி வர வேண்டியது: வாசலில் போடக் கால்மிதி ஒன்று. தண்ணீர் உறிஞ்ச வேண்டுமாம், முரட்டுச் சணல் வேண்டாமாம், சேறு தெரியாத நிறமாக இருக்க வேண்டுமாம், கதவு அகலத்தை நூல் பிடித்து அளந்து என்னிடம் கொடுத்திருக்கிறான். அந்த நூலை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், குப்பை என்று எறிந்துவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா
மங்களாம்பிகை பஞ்சநதம்